நாயை வாபஸ் வாங்கச் சொன்னார்கள்

"ஏண்டி, ஒனக்கு வேற வேலையே கெடையாதா? வாழ வந்து இன்னும் தாலிக்கயித்துல மஞ்சள் வெளுக்கல, அதுக்குள்ள ஊர்க்கதை கேக்குது. அடுப்புல சோத்த வச்சிட்டு வாசல் இஸ்தோப்புல வந்து குந்திக்கிட்டு, 'அம்மாயி, ஒங்கள ஏன் எல்லாரும் நாய்க்கார அம்மாயின்னு கூப்புடுறாங்க'ன்னா? நான் நாய் வளத்தேனா, நாய் வித்தேனா? போ, போயி சோத்த வடி. கொழைஞ்சா ஒன் மாமியா என்னையில்ல ஏசுவா."

பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்கிற வரிசை வீட்டுக்குப் புதிதாக வாழ வந்த பெண்ணைத்தான் இப்படித் திட்டினேன். அவள் போகவில்லை. ஊர் வெலிமடை. சின்ன வயதிலிருந்து கேரட் பிடுங்கிப் பழகியவளாயிற்றே, எதையும் கிழங்கோடு பிடுங்காமல் விடமாட்டாள். சோறு குழைந்துதான் போனது. ஏச்சும் எனக்குத்தான் விழுந்தது. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் யாரும் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து கேட்க வேண்டாம்.

எங்களுக்கு ஒரு மழைக்கூட்டம் இருக்கிறது. வாட்ஸப்பில்தான். மழை பார்ப்பதும், மழையைப் பற்றிப் பேசுவதும், யார் ஊரில் மழை அதிகம் என்று சண்டை போடுவதும்தான் அதில் வேலை. சிலருக்கு கிரிக்கெட், சிலருக்கு நாடகம், எங்களுக்கு மழை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வேர்த்துவிடும். போனில் இருக்கிற எழுத்து எறும்பு அளவு, என் விரலோ வாழைப்பழம் அளவு. அதனால் நான் குரலில்தான் அனுப்புவேன். மைக் படத்தின் மேல் விரலை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். விரலை எடுத்தால் போய்விடும். போனில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புத்தளையில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் சின்ன ரொட்டிக் கடை வைத்திருக்கிறவள் எனக்கு மதினி முறை. மலை உச்சியில் உட்கார்ந்திருப்பதால் மழை தன் கடையைக் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது என்று அவளுக்கு நினைப்பு. ஹாலிஎலயில் ஒரு அண்ணன், ரயில் பாதையில் வேலை செய்து பென்சன் வாங்கியவர். பாலத்துத் தூணில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்து, ஆறு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று காலையும் மாலையும் சொல்வார். வெலிமடையில் ஒரு தம்பி, லொறியில் லீக்ஸ் ஏற்றுகிறவன். போனில் மேகப்படம் பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்தப் படத்தில் கடலுக்கு மேலே வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டிருக்கும். "அக்கா, கோவாவ குறுக்க வெட்டி வச்ச மாதிரி இருக்கு பாருங்க. இதுதான் தாழமுக்கம்" என்பான். பார்த்தால் கோவாதான், முட்டைக்கோஸ். அதன் பிறகு எந்தப் புயலையும் நாங்கள் கோவா என்றே சொன்னோம். "கோவா மட்டக்களப்புப் பக்கம் திரும்பிருச்சு." "கோவா பெருத்திருச்சு." வெளியாள் கேட்டால் மரக்கறி வியாபாரம் என்று நினைப்பான்.

என்னிடம் இருந்தது ஒரு ஜாம் போத்தல். என் மருமகளின் நகப்பாலிசை எடுத்து அதில் கோடு போட்டு வைத்திருந்தேன். மருமகள் அதற்காக ஒரு வாரம் பேசவில்லை, நல்ல அமைதியாக இருந்தது. அப்போது பணிய லயத்தில், அதாவது கீழ் லயத்தில், கடைசி அறையான தொங்கல் காம்பரா எங்களுடையது. அதற்கு அப்பால் முருங்கை மரம், அதற்கும் அப்பால் மலை. முருங்கைக்கு அடியில்தான் போத்தல். தோட்டத்து ஆபீஸ் முற்றத்திலும் மழை அளக்க ஒரு செப்புக் குழாய் நிற்கிறது. அதில் எவ்வளவு என்று ஆபீஸ் பையனிடம் கேட்டு, அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் மழைக்கூட்டத்தில் சொல்வேன். அப்புத்தளை மதினியைத் தோற்கடிக்க வேண்டாமா? ஒருமுறை காகம் போத்தலைத் தட்டிவிட்டதைப் பார்க்காமல், "எங்க பக்கம் சொட்டு மழை இல்ல" என்று நான் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு எங்கள் ஓடை கரை தாண்டியிருந்தது. மதினி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இனி நாய்க்கு வருகிறேன்.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை. விடாத மழை. ஒரு ஆட்டோ மேலே ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் வந்தது. சிங்களத்தில் என்னமோ கத்திக்கொண்டே போனது. அதில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது ஒரே வார்த்தை. "நாய... நாய யன்ன புளுவன்." சிங்களத்தில் நாய என்றால் மண்சரிவு. நாய யன்ன புளுவன் என்றால் மண்சரிவு வரலாம், கவனம். பதுளைச் சந்தையில் விலை பேசுகிற அளவுக்கு எங்களுக்குச் சிங்களம் வரும். சந்தையில் யார் மண்சரிவு விற்கிறார்கள்?

எனக்குப் பக்கத்து காம்பராக்காரி, நல்ல பெண், வாய் மட்டும் பெரிசு, ஓடி வந்தாள்.

"அம்மாயி, நாய் போகலாம்னு சொல்றான். எந்த நாய்? எங்க போகலாம்?"

"ஒன் நாயத்தான் சொல்றான். விசர்நாய் ஊசி போடுற ஆளுங்க வர்றாங்க போல. பிடிச்சுக்கிட்டுப் போகலாம்னு சொல்றான்" என்றேன் நான். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் கொஞ்சம் நிச்சயமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் நாயைக் கொண்டுபோய் காம்பராவுக்குள் பூட்டினாள். அவளைப் பார்த்து முழு லயமும் நாயைப் பூட்டியது. நாய் இல்லாதவன் ஆட்டைப் பூட்டினான். மண்சரிவு வரலாம், வெளியே போங்கள் என்று அவன் கத்திக்கொண்டு போகிறான், நாங்கள் நாயையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறோம். சாயங்காலம் மருமகள் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து வந்துதான் அர்த்தம் சொன்னாள். அவள் சிங்களப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வளர்ந்தவள்.

"அத்தே, நீங்க எல்லாம் மனுசங்களா? அவென் மண்ணு சரியப்போகுதுன்னு சொல்லிட்டுப் போறான்."

"அத தமிழ்ல சொல்றதுக்கு அவனுக்கு என்ன கேடு? இந்த லயத்துல சிங்களம் வெளங்குறது ஒனக்கும் அந்த நாய்களுக்கும் மட்டுந்தான்" என்றேன்.

அந்தத் தடவை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவே மழைக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஹாலிஎல அண்ணன் சிரித்துச் சிரித்து இருமல் வந்து போனை வைத்துவிட்டார். அதிலிருந்து எங்களுக்கு மண்சரிவு என்றால் நாய். அரசாங்கத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று கலர் கலராக எச்சரிக்கை விடுவார்கள். எங்கள் சனத்துக்கு அந்தக் கலர் ஏறவில்லை. நான் மாற்றிவிட்டேன். மஞ்சள் என்றால் நாய் படுத்திருக்கு. செம்மஞ்சள் என்றால் நாய் எழுந்து உட்கார்ந்திருக்கு. சிவப்பு என்றால் நாய் பாயப்போகுது. மழைக்கூட்டத்திலிருந்து அது தோட்டத்து வாட்ஸப்புக்கும் போனது. சின்னப் பிள்ளைகள்கூட மேகம் கறுத்தால், "அம்மாயி, நாய் என்னா செய்யுது?" என்று கேட்கும். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் இது தெரியாது. அவர்கள் எங்களோடு சிரிக்க வருவதில்லையே.

அதற்குப் பிறகு ஒரு ஐப்பசிக் கடைசியில் வந்த கோவாவைத்தான் மறக்க முடியாது.

வெலிமடைத் தம்பி நாலைந்து நாளாகவே முனகிக்கொண்டிருந்தான். "அக்கா, இது சின்னக் கோவா இல்ல. நகரவும் மாட்டேங்குது. நாட்டு மேலயே குந்திக்கிச்சு." அப்புத்தளை மதினியின் குரலில் வழக்கமான பெருமையே இல்லை. "மதினி, கடைக்கு எதுத்தாப்புல கோச்சி வந்து நிக்குது, சத்தம் மட்டுந்தான் கேக்குது. கோச்சி தெரியல." அடுத்த நாள் ரயிலே வரவில்லை. ஹாலிஎல அண்ணன், "கோடு எல்லாம் முடிஞ்சிருச்சு தங்கச்சி. இனி அளக்க தூண் இல்ல" என்றார். வெலிமடையில் லீக்ஸ் பாத்தி தண்ணீரோடு மிதந்து அடுத்தவன் தோட்டத்துக்குப் போய்விட்டதாம். "என் லீக்ஸ அவன் புடுங்கி வித்துருவான்" என்று தம்பி அழுதுகொண்டே சிரித்தான். என் ஜாம் போத்தல் வழிந்துகொண்டே இருந்தது. ஊற்றிவிட்டு வைத்தால், தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி வழியும். அந்த மழையில் முதல்முறையாக யாரும் யாருடனும் போட்டி போடவில்லை.

மருமகளின் போனுக்குச் சிங்களத்தில் எச்சரிக்கை வந்தது. படித்தவள் முகம் மாறியது.

"செவப்பு, அத்தே. நம்ம பக்கத்தோட பேரும் இருக்கு."

பணிய லயம் மலையின் மடியில் இருக்கிறது. எங்களுக்கு நேர் மேலே கொழுந்து மலை, அதற்கு மேலே உச்சியில் துரை பங்களா. இப்போது மெனேஜர் என்றுதான் சொல்ல வேண்டுமாம், எங்கள் வாயில் துரைதான் வருகிறது. நான் போனை எடுத்தேன். விரலை அழுத்தினேன். தோட்டத்து வாட்ஸப்பில் அப்படியே பேசினேன்.

"பங்களாப் பக்கத்துப் பெரிய நாய் எழுந்திரிச்சிருச்சு. இத்தன நாளும் சும்மா படுத்திருந்துச்சேன்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க. நம்ம தலையில பாயாம அது அடங்காது. பணிய லயத்து ஆளுங்க எல்லாம் சட்டிபானைய விட்டுட்டு, புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு கோயில் மடத்துக்கு ஏறுங்க."

கோயில் மடம் அடுத்த மேட்டில் இருக்கிறது, பாறை மேல். அங்கே ஏறினால் பயமில்லை. ஏறுவதுதான் பாடு. முன்னேயும் இரண்டு மூன்று முறை எச்சரிக்கை என்று ஏறியிருக்கிறோம். மண் ஒன்றும் சரியவில்லை. இறங்கி வந்து பார்த்தால் கோழியைக் காணோம், கறிவேப்பிலை மரத்தை ஆடு மொட்டையடித்திருந்தது. அதனால் அன்று ஏறினவர்களும் முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினார்கள். பாதிப்பேர் ஏறவே இல்லை. ஏறினவர்களும் விடிந்ததும், அடுப்பு, கோழி, மாத்திரை என்று ஒவ்வொரு சாக்குச் சொல்லி இறங்கப் பார்த்தார்கள், சிலர் இறங்கியும் போனார்கள். பக்கத்து காம்பராக்காரி என் காது படவே, "இந்தக் கெழவி நாயின்னா நம்ம பேயா அலையணும்" என்றாள். யாராவது ஒருத்தர், 'ஒன்றுமில்லை, இறங்கலாம்' என்று சொன்னால் போதும், எல்லாரும் ஓடிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்த மடம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

காலையில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. என்னையும் மருமகளையும் உடனே வரச்சொன்னார்களாம்.

உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனோம். ஆபீஸ் இஸ்தோப்பில் கணக்குப்பிள்ளை நின்றார். எங்கள் சனம்தான், ஆனால் சப்பாத்துப் போட்ட நாளிலிருந்து அதை மறந்துவிட்டவர். உள்ளே நாற்காலியில் துரை. சின்ன வயது, தூங்காத கண்.

கணக்குப்பிள்ளை தன் போனை எடுத்து, யாரோ அவருக்கு அனுப்பியிருந்த என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். "பங்களாப் பக்கத்துப் பெரிய நாய்..." அவ்வளவுதான், நிறுத்திவிட்டார்.

"யாரச் சொல்ற நாயின்னு? துரைய நாயின்னு சொல்லி ஊரு முழுக்க அனுப்புவியா? சோறு போடுற கைய கடிக்கிற சனம். இன்னக்கி வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்கு பணிய லயத்திலேருந்து பாதி ஆளு வரல. எல்லாம் ஒன் வேல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் கறுத்தது.

"ஐயா, மிச்சத்தையும் போடுங்க ஐயா. அது நாய் இல்ல, நாய. சிங்கள நாய. மண்சரிவு. எங்க லயத்துல பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

அவர் போனை இறக்கினார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர், ஒரு நொடியில் பிடித்துவிட்டார். நான் பார்த்தேன். ஆனால் ஏற்கெனவே உள்ளே போய், இந்தக் கிழவி உங்களை நாய் என்று சொல்லிவிட்டாள் என்று துரையிடம் மொழிபெயர்த்துவிட்டாரே! இப்போது திரும்பிப் போய், இல்லை துரை, நான்தான் நாயைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்? முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"அதெல்லாம் எனக்குத் தேவையில்ல. நேத்து சொன்னத வாபஸ் வாங்குறேன்னு ஒரு வார்த்த அனுப்பிரு. முடிஞ்சது."

சரி, இவரிடம் பேசிப் பயனில்லை, நேராகத் துரையிடமே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். கதவில் தலையை நீட்டி எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னேன்.

"மாத்தயா பல்லா நெமெய்!"

பல்லா என்றால் சிங்களத்தில் நாய். துரை, நீங்கள் நாய் இல்லை என்றுதான் சொன்னேன். நல்ல வார்த்தைதானே! ஆனால் அந்த வார்த்தையை ஒரு மனுசன் முகத்துக்கு நேரே, அதுவும் காலை வேளையில், அவ்வளவு சத்தமாகச் சொல்லக் கூடாதாம். மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே முன்னால் போய் நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். நாய, நாய், சிவப்பு எச்சரிக்கை, மடம். துரை கேட்டுக்கொண்டிருந்தார். உதடு ஓரத்தில் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. நான் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"நாயோ பேயோ, எனக்கு வாணாம். ஆள் எல்லாம் பயம். வேலைக்கு ஆள் இல்ல. நீ வாபஸ் சொல்லு. ஆள் லயத்துக்குத் திரும்பிப் போகணும், நாளைக்கு வேலைக்கு வரணும்."

கணக்குப்பிள்ளைக்குத் தெம்பு வந்துவிட்டது. "சொல்லலன்னா ஒன் மருமகளுக்கு இனி இந்தத் தோட்டத்துல பேர் இல்ல. செக்ரோல் பதிவுல வெட்டிருவோம்."

பேர் என்றால் எங்களுக்கு ஒருநாள் வேலை, அன்றைய சம்பளம். பேர் இல்லை என்றால் அடுப்பு இல்லை. என் மகன் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் காம்பராவில் இருக்கிற ஒரே பேர் அவளுடையதுதான்.

நான் அவளைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. உப்புக்குச் சண்டை, உளுந்துக்குச் சண்டை, நகப்பாலிசுக்குச் சண்டை. பணிந்து போ என்று அவள் கண்ணால் ஒரு சாடை காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மேலே மடத்தில் அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். வாபஸ் என்று என் குரல் போனால் போதும், பக்கத்து காம்பராக்காரிதான் முதலில் இறங்குவாள், இடுப்பில் பிள்ளையோடு.

மருமகள் சாக்கைத் தலையில் சரிசெய்துகொண்டே சொன்னாள். "அத்தே, நீங்க மட்டும் அத வாபஸ் வாங்குனீங்க, ஒங்கள நான் காம்பராவுக்குள்ள சேக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

அப்புறம் எனக்கு என்ன?

"சரிங்க ஐயா. மன்னிப்புத்தானே, கேட்டுருவோம். பெரியவுங்க சொன்னா கேக்கணும்ல" என்றேன். குரலை நன்றாகக் குழைத்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். துரையும் எழுந்து வந்தார். நான் மைக்கின் மேல் விரலை வைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். அம்மாயி பேசுறேன், ஆபீஸ்லேருந்து. நேத்து நான் பேசுனதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. பெரிய நாயின்னு சொல்லிட்டேன். அதுல நம்ம துரை ஐயாவுக்கு மனவருத்தம்." இங்கே கணக்குப்பிள்ளை தலையை ஆட்டினார், நன்றாகத்தான் போகிறது என்று. "அதனால எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. துரை ஐயா நாய் இல்ல. திரும்பியும் சொல்றேன், துரை ஐயா நாய் இல்லவே இல்ல. நாய் மலையில நிக்குது. இப்ப கொலைக்குது. மடத்துல இருக்கிற ஒருத்தரும் எறங்காதீங்க. எறங்குனவுங்க, ஏறாதவுங்க எல்லாம் சோத்த அடுப்புலயே விட்டுட்டு ஓடியாங்க. இம்புட்டுத்தான். மன்னிச்சுக்குங்க."

விரலை எடுத்தேன்.

கணக்குப்பிள்ளை போனைப் பறித்தார். அழிக்கத் தெரியாமல் தடவினார். புறா பறந்துபோன பிறகு கூட்டைத் தடவி என்ன செய்வது? துரை, "எனா சொன்னா, எனா சொன்னா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. மருமகளை அன்றே, அந்த இடத்திலேயே, பேர் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வழியில் அவள், "ஒங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய், "நல்ல பூட்டா இருந்தாலும் ஒடச்சிருவீங்க" என்றாள். அவள் சிரிப்பதை நான் பார்க்கக் கூடாது என்று முன்னால் நடந்தாள்.

நாங்கள் மடத்துக்கு வருவதற்குள் என் குரல் வந்துவிட்டது. ஒவ்வொரு போனிலும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. "துரை ஐயா நாய் இல்ல. துரை ஐயா நாய் இல்லவே இல்ல." கேட்டுக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இறங்கினவர்களும், முந்தின நாள் ஏறாமல் கிடந்தவர்களும் எல்லாம் ஏறி வந்தார்கள். பயத்தில் ஏறவில்லை, இந்தக் கூத்தை விட்டுவிடக் கூடாது என்று ஏறினார்கள். எனக்கு எதற்கு அந்த வித்தியாசம்? ஏறினார்கள், அதுதான் கணக்கு. நாயைக் கூட்டிவர என்று இறங்கியிருந்த பக்கத்து காம்பராக்காரி கடைசியாக வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் கயிறு, கயிற்றில் அவள் நாய்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை கொஞ்சம் விட்டது. அப்போதுதான் வந்தது.

முதலில் வாசம். கிணறு வெட்டும்போது அடியிலிருந்து வருமே, அந்தப் பச்சை மண் வாசம். பிறகு சத்தம், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எல்லா மெசினும் ஒரே நேரத்தில் ஓடுவது மாதிரி. பங்களாவுக்குக் கீழே மலை ஒரு இடத்தில் சுருங்கியது, பிறகு நகர்ந்தது. தேயிலைச் செடிகள் சாயவே இல்லை. நிரை நிரையாக, நின்றது நின்றபடி, பெரட்டுக்குப் போகிற ஆட்கள் மாதிரி இறங்கி வந்தன. முருங்கை மரம் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு மறைந்தது. எங்கள் தொங்கல் காம்பரா, பக்கத்து காம்பரா, அதற்கு அடுத்தது, எல்லாம் ஒரு மூச்சில் மண்ணுக்குள் போயின. லயத்தின் மறுபாதி மட்டும் சுவர் வெடித்து வாயைப் பிளந்து நின்றது.

மடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாயும் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். மறுபடி பார்த்தோம். எல்லாரும் இருந்தார்கள். பக்கத்து காம்பராக்காரி என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வாய் பெரிசு என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. அந்தக் கோவா மற்றத் தோட்டங்களில் செய்ததை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எனக்குப் போனது என் டிரங்குப் பெட்டி, என் மகனின் படம், என் ஜாம் போத்தல். மடத்துக்கு ஏறும்போது போத்தலை மட்டும் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. மழையை அளக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். என்ன அளந்ததோ.

சாயங்காலம் மடத்து வாசலில் ஆள் அரவம். பார்த்தால் துரை, அவர் பெண்சாதி, பின்னால் குடையோடு கணக்குப்பிள்ளை. பங்களா முற்றம் வெடித்துவிட்டதாம். ரோடு இரண்டு பக்கமும் அடைபட்டதாம். போக வேறு இடமில்லை. துரை கையில் ஒரு சங்கிலி. சங்கிலியில் பங்களா நாய், கன்றுக்குட்டி அளவு, நனைந்து நடுங்கிக்கொண்டு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பாயைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டேன்.

"வாங்க மாத்தயா. எடம் இருக்கு. பெரிய நாயையும் உள்ள கூட்டியாங்க."

முதலில் சிரித்தது கணக்குப்பிள்ளைதான். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மருமகள், பிறகு மடம் முழுக்க. துரை பெண்சாதி விளங்காமலே சிரித்தாள். துரை மட்டும் சிரிக்கவில்லை. என் மருமகள் கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள். சொல்லவில்லை. நாய்தான் என் காலில் தலையை வைத்துப் படுத்தது.

ரோடு திறந்ததும் மருமகள் ஆபீசுக்குப் பேர் கேட்க ஒன்றும் போகவில்லை. போய்க் கெஞ்சினால் உன்னைக் காம்பராவில் சேர்க்கமாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். சேர்ப்பதற்குக் காம்பரா இல்லை என்பது வேறு விசயம். ஒருநாள் பெரட்டில் மற்ற ஆட்களோடு போய் நின்றாள், ஒன்றும் நடக்காதது மாதிரி. கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்க்காமலே அவள் பேரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

அதோடு விட்டார்களா? தை பிறந்ததும் பணிய லயத்தில் மிஞ்சின பாதிக்கு வெடிப்பில் சீமெந்து பூசி, வெள்ளையும் அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, சாகக் கிடக்கிறவளுக்குப் பவுடர் போட்ட மாதிரி. மழை முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை, எல்லாரும் திரும்பி வரலாம் என்று ஆபீசில் அறிவித்தார்கள். இந்த முறை தமிழில். மேட்டு லயத்தில் ஒரு காம்பராவுக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று அடைந்து கிடந்தோம். பெருமூச்சு விட்டால் அடுத்த குடும்பத்துக்குக் காற்று அடிக்கும். அதனால் பலருக்கும் ஆசை வந்துவிட்டது. பக்கத்து காம்பராக்காரியும் இன்னும் நாலைந்து பெண்களும் என்னிடம் வந்தார்கள்.

"அம்மாயி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. போயிருவோமா? அதான் நீங்களே அன்னக்கி ஆபீஸ்ல வச்சி மன்னிப்புக் கேட்டு, நாய் இல்லன்னு சொல்லிட்டீங்களே."

அடிப்பாவிகளா! ஊரே கேட்டுச் சிரித்த வார்த்தையில் பாதியை மறந்துவிட்டார்கள். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தேன்.

"நல்லா கேட்டுக்கங்கடி. துரை நாய் இல்லன்னுதான் நான் சொன்னேன். நாயே இல்லன்னு நான் எங்க சொன்னேன்? அது தின்னுட்டுப் படுத்திருக்கு. வேற எடத்துல வீடு கட்டித் தரச் சொல்லுங்க, வர்றோம். அந்தப் பாதி லயத்துல வேணும்னா கணக்குப்பிள்ளைய குடியிருக்கச் சொல்லுங்க. வெள்ள அடிச்ச வாசம் போறதுக்கு முன்னாடி."